இரண்டு பச்சைப் புட்டிகள்

என் நாக்கைப் பற்றி லாபிஸ் வட்டாரத்துத் துரைமார்கள் எல்லோருக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாய் வெள்ளை ஒயினைக் கொடுத்தால் அது எந்தத் திராட்சை, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டையும் நான் சொல்கிற தோரணையில் அவர்களே சரியென்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நாக்கின் பெயரைக் காப்பாற்றப்போய் நான் செல்லப்பனுக்குச் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். லாபிஸிலிருந்து ஐந்து மைல் தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில், பெரிய துரை ஹாலமின் பங்களாவில் நான் பட்லர். துரைக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, குதிரைப் பந்தயமும் இல்லை. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் வெள்ளை ஒயின். மற்ற துரைமார்கள் விஸ்கி சோடாவைக் குடித்து மூக்குச் சிவந்து கிடப்பார்கள். இவர் ரப்பர் விலை உச்சியில் இருந்த காலத்தில் சிங்கப்பூர் வியாபாரியிடம் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டவர். சனிக்கிழமை மத்தியானம் கறிச்சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று நான்கு கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாய் மோந்து பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்.

கிளாஸில் மிஞ்சியது எனக்கு. அது பட்லரின் உரிமை, எந்தத் துரையும் அதைக் கேள்வி கேட்டதில்லை. மேசையைத் துடைக்கிற சாக்கில் நோட்டை ஓரக்கண்ணால் படித்துவிட்டு, பின்கட்டில் நின்று குடித்துப் பார்ப்பேன். அவர் தன் ஊர்ப் பழங்களின் பெயராக எழுதிவைத்திருப்பார். அந்தப் பழங்களை நான் கண்டதே இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த பழங்களை வைத்து நானே ஒரு பாடம் பண்ணிக்கொண்டேன். பிரான்சிலிருந்து வரும் ஷாப்ளி என்றால் பச்சை மாங்காய்த் தோலும் மழையில் நனைந்த கருங்கல்லும். அதே திராட்சையைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் பயிரிட்டால் வெண்ணெயும் வறுத்த முந்திரியும் மணக்கிற வேறொன்று வருகிறது. இரண்டும் ஒரே திராட்சைதான் என்று துரை சொன்னபோது, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். சோத்தேர்ன் என்று ஒன்று. பூஞ்சணம் பிடித்துச் சுருங்கின திராட்சையைப் பொறுக்கிப் பிழிகிறார்களாம், வாயில் வைத்தால் தேனில் ஊறிய பலாச்சுளை. அல்சாஸ் பக்கத்திலிருந்து வருகிற இன்னொன்று சீனன் கடை டின் லைச்சியில் ரோஜாப்பூவைப் போட்ட மாதிரி மணக்கும். அதன் திராட்சைப் பெயரைச் சொல்லப் போனால் பல் கழன்று கையோடு வந்துவிடும். நான் அதை லைச்சி என்றே வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ரீஸ்லிங். ஜெர்மனியில் இரண்டு ஆற்றங்கரைகளில் அந்த ஒரே திராட்சை விளைகிறது. ரைன் ஆற்றுச் சரக்கு பழுப்புப் புட்டியில் வரும், கனமாக, கொஞ்சம் அதிகாரமாக இருக்கும். மோசல் ஆற்றுச் சரக்கு பச்சைப் புட்டி. காட்டு எலுமிச்சையின் புளிப்பும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் வாயில் ஓடும். துரைக்கு மோசல் என்றால் உயிர். எனக்கும்தான். ஆனால் என் விருப்பத்தை யார் நோட்டில் எழுதினார்கள்?

லாபிஸ் வெயிலில் வெள்ளை ஒயினைக் குளிர வைப்பது லேசான வேலை இல்லை. ரயிலில் மரத்தூளுக்குள் வருகிற ஐஸ் கட்டி பங்களா வந்து சேருவதற்குள் பாதியாகிவிடும். அதனால் புட்டிகளை ரோத்தான் கூடையில் அடுக்கிப் பங்களாவுக்குப் பின்னாலிருந்த கிணற்றில் இறக்கிவிடுவோம். தண்ணீரில் ஊறினால் லேபிள் உரிந்து போகும். ஆகவே முதலிலேயே லேபிளைப் பக்குவமாக உரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து, விசேஷமான புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். மேலே எடுத்ததும் துடைத்து, கஞ்சிப் பசை போட்டு லேபிளை மறுபடி ஒட்டுவேன். கூடையை இறக்குவதும் ஏற்றுவதும் தண்ணீர் இறைக்கிற செல்லப்பனின் வேலை.

செல்லப்பனுக்கு என் வயசு இருக்கும், நாற்பதுக்குப் பக்கம். பன்னிரண்டு வயதில், தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியோடு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையில் கொஞ்சம் அதிகமாகவே இருப்பார். மற்ற ஆறு நாளும் அவரைப்போல வேலை செய்ய ஆளில்லை. மனைவி வெள்ளையம்மா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். செல்லம் என்று ஏழு வயசில் ஒரு மகள்.

அந்த மார்ச் மாதம் எங்களிடம் மோசல் மூன்று புட்டிதான் மிச்சம். இரண்டு சாதாரணம். ஒன்று இருபத்தொன்றாம் வருஷத்துச் சரக்கு. அந்த வருஷத்து வெயிலைப்போல மோசல் ஆறு கண்டதில்லையாம், அந்தப் புட்டியைப்போல மலாயாவில் இன்னொன்று இல்லையாம். தோட்டங்களைச் சோதனை பார்க்கிற விசிட்டிங் ஏஜண்ட் ஏப்ரலில் வரப்போகிறார், அவருக்கு அதைத் திறக்கலாம் என்று துரை வைத்திருந்தார். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். ஏஜண்டைக் குளிர வைத்தால் தோட்டம் கொஞ்சம் தப்பும் என்று அவர் நினைப்பு. வெயில் தாங்கவில்லை, மூன்றையும் கிணற்றில் இறக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கூடை மேலே வரும்போது கிணற்றுச் சுவரில் மோதி ஒரு புட்டி உடைந்துபோனது. நான் அங்கேதான் நின்றேன். செல்லப்பன் முகம் வெளுத்துவிட்டது.

“அலமாக், ரபேலண்ணே! செத்தேன். தொரை என்னைத் தொலைச்சிடுவாரு.”

கண்ணாடித் துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். சாதாரணச் சரக்குதான். “பதறாதீங்க லா. நல்ல புட்டி தப்பிச்சிருச்சு. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்றேன். இரண்டு பேருமாகத் துண்டுகளைப் பொறுக்கி வாழைமரத்தடியில் புதைத்தோம். கிணற்றில் ஒரு புட்டி உடைந்துவிட்டது என்று துரையிடமும் சொன்னேன். அவர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். செல்லப்பன் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் கவனித்தேன். மோதினதில் சிவப்பு நூல் அவிழ்ந்து போயிருந்தது. இரண்டு பச்சைப் புட்டிகளும் அம்மணமாக நின்றன. ஒரே உயரம், ஒரே கழுத்து, ஒரே மூடி. துரையிடம் போய், எது எதுவென்று தெரியவில்லை, இரண்டையும் பத்திரமாக வைத்து ஏஜண்ட் வரும்போது திறந்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. லேபிளே தேவையில்லாத பட்லர் என்று பெயரெடுத்தவன் நான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒன்றில் நிறம் ஒரு பொட்டு கூடுதல் மஞ்சளாகத் தெரிந்தது. இதுதான் என்று முடிவு கட்டி லேபிளை ஒட்டிவிட்டேன்.

வந்த சனிக்கிழமை துரை சாதாரண மோசலைக் கேட்டார். திறந்தேன். தக்கையை உருவின உடனேயே தெரிந்துவிட்டது. தேன்மெழுகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதற்கெல்லாம் அடியில் பெயர் தெரியாத ஒரு பூ. தக்கையில் நல்ல சரக்குக்கு மட்டும் குத்துகிற பண்ணை முத்திரை வேறு இருந்தது. நான் திறந்திருந்தது இருபத்தொன்று.

அப்போதும் சொல்லியிருக்கலாம். துரை பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் தக்கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஊற்றினேன். அவருக்கு அன்றைக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னைக்கு நல்லா இருக்கே,” என்று மட்டும் சொன்னார். ஒரு கிளாஸுக்கு மேல் குடிக்கவில்லை. மிஞ்சினது முக்கால் புட்டி. முழுவதையும் பின்கட்டில் நின்றபடி நான் குடித்தேன். என் ஆயுசில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை, இனியும் குடிக்கப் போவதில்லை. குடிக்கக் குடிக்க அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. தக்கையை அடுப்பில் போட்டேன்.

ஏஜண்ட் ஏப்ரல் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தார். மத்தியானச் சாப்பாட்டில் துரை தன் கையாலேயே அந்தப் புட்டியை எடுத்து லேபிளைக் காட்டி, அந்த வருஷத்து வெயிலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். நான் ஊற்றினேன். ஏஜண்ட் குடித்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினார். துரை குடித்தார். அவர் முகம் மாறியது. தக்கையைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. விருந்தாளி இருந்ததால் தக்கையைத் தட்டோரம் வைத்துவிட்டார். ஏஜண்ட் பேச்சை மாற்றி, இந்தத் தோட்டத்திலிருந்து ஆறு பேர் கப்பலுக்குப் போயாக வேண்டும், பெயர்ப் பட்டியலை இந்த வாரமே அனுப்புங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏஜண்டின் கார் போனதும் துரை என்னைக் கூப்பிட்டார். துரைமார்களின் தோட்டத் தமிழ் எப்போதும் அதட்டலாகவே இருக்கும். அன்றைக்கு அவர் மெல்லப் பேசினார்.

“ரபேல். இது நம்ம புட்டி இல்ல. எவனோ மாத்திட்டான். நூல நல்ல புட்டியிலேருந்து எடுத்து வேற புட்டியில கட்டிட்டானா?”

“தெரியல தொரை.”

“கிணத்துல ஒண்ணு ஒடஞ்சது சொன்னே. ஒடஞ்சத நீ பாத்தியா?”

எவ்வளவு சின்னக் கேள்வி. பார்த்தேன் என்றால் நூல் அவிழ்ந்ததையும் சொல்ல வேண்டிவரும், அப்படியானால் மீதி இரண்டில் எது எது என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

“இல்ல தொரை. செல்லப்பன் சொன்னாரு.”

துரை தலையை ஆட்டினார். உடைந்ததென்று கதை கட்டி, நல்ல புட்டியைச் சீனன் கடையில் கள்ளுக்காக விற்றுவிட்டான் என்று அவரே முடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதை ஒரு யோக்கியதையாக அன்றைக்கு நினைத்தேன், அதுதான் கேவலம்.

செல்லப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. காரணம் சொல்லிக் கப்பலேற்றுகிற வழக்கம் அந்த வருஷத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டில், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆறு பெயர்களை வாசித்தார், நாலாவது பெயர் செல்லப்பன். புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியல் ஏஜண்டின் ஆபீஸுக்குப் போய்விடும்.

வெள்ளையம்மா நேரே பங்களாவின் பின்வாசலுக்கு வந்தாள். கையில் பால்வாளிகூட அப்படியே இருந்தது.

“ரபேலண்ணே, நீங்க சொன்னா தொரை கேப்பாரு. அங்க போனா எங்களுக்கு யாரு இருக்கா? அவரு ஊரு எந்தப் பக்கம்னே அவருக்கு ஞாபகம் இல்ல. செல்லத்துக்குக் காச்சல் வந்தாக்கூடப் பாக்க ஒரு சனம் கெடையாது. ஒரு வார்த்த சொல்லிப் பாருங்கண்ணே.”

என்னைத் தேடி வந்திருக்கிறாள்! இத்தனை பெரிய தோட்டத்தில் கேட்பதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் போனேன். முன் ஹாலுக்குள் நுழைந்தேன்.

துரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நூல் அவிழ்ந்தது, நான் குத்துமதிப்பாக லேபிள் ஒட்டியது, சனிக்கிழமை தெரிந்தே ஊற்றியது, முக்கால் புட்டியை நானே குடித்தது, புட்டி உடைந்ததைக் கண்ணால் பார்த்தது, பார்க்கவில்லை என்று பொய் சொன்னது. சுவரில் இருந்த மான் தலையைப் பார்த்துத்தான் சொன்னேன், அவரைப் பார்க்க முடியவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“அப்ப நான் குடிச்சேன்! அந்தச் சனிக்கிழமை! நல்லா இருக்கு சொன்னேன், ஞாபகம் இருக்கா?” நோட்டைப் பின்னால் புரட்டி அந்தச் சனிக்கிழமையைத் தேடி, அடித்து எதையோ திருத்தி எழுதினார். புட்டி களவு போகவில்லை, தன் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது என்பதில் அவருக்கு அத்தனை நிம்மதி. எனக்குள் ஒரு பாறாங்கல் உருண்டு விலகியது. செல்லப்பன் பிழைத்தார் என்று நினைத்தேன்.

“அப்ப செல்லப்பன் பேர எடுத்துரலாமா தொரை?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆறு பேர் வேணும், ரபேல். அஞ்சு போதும்னு ஏஜண்ட் சொல்லல. செல்லப்பன் பேர் வெட்டினா, அந்த எடத்துல வேற பேர் எழுதணும்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “யார் பேர் எழுத? நீ சொல்லு. உன் பேர்?”

நான் மறுபடி மான் தலையைப் பார்த்தேன்.

“தப்பு நீ செஞ்சே. நீ போறேன் சொன்னா எழுதுறேன். நாளைக்கு எட்டு மணிக்குள்ள வந்து சொல்லு. வரலேன்னா அப்படியே போவட்டும்.”

அன்று சாயங்காலம் என் மனைவி இன்பராணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிகாமட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில். தஞ்சாவூர்ப் பக்கம் என் அப்பா பிறந்த ஊரில் எனக்கும் யாருமில்லை. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். செல்லப்பனிடமும் இதே காரணங்கள் இருந்தன.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கே பங்களாவுக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்குத் துரைக்கு டீ கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் சர்க்கரையைப் போட்டேன். அப்புறம் பின்கட்டுக்கு வந்து ஒயின் கிளாஸ்களைத் துடைக்க ஆரம்பித்தேன். எல்லாம் முந்தின நாளே துடைத்து வைத்தவை. பன்னிரண்டையும் துடைத்தேன். மறுபடி முதலிலிருந்து துடைத்தேன். ஹால் கடிகாரம் எட்டு அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிராணியின் சைக்கிள் பட்டியல் இருந்த பையோடு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கத்திக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். சைக்கிள் மறைகிறவரை கையில் துணியோடு நின்றேன்.

ஒன்பது நாள் கழித்து லாபிஸ் ஸ்டேஷனுக்கு அவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். போகாவிட்டால் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஏதாவது பேசுவார்கள் என்ற பயத்தில் போனேன், அவ்வளவுதான் என் பாசம். பிளாட்பாரத்தில் தகரப்பெட்டி, பாய்ச்சுருள், அலுமினியப் பானை, நடுவில் செல்லம் ஒரு கோழியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செல்லப்பன் என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ரபேலண்ணே, தொரைகிட்ட எனக்காகப் பேசுனீங்களாமே. வெள்ளையம்மா சொல்லுச்சு. மத்தியானம் உள்ள போன மனுஷன் மொகம் செத்து வெளிய வந்தாருன்னு பங்களாவுல சமைக்கிற குக்கியும் சொன்னாரு. இத்தன பேருல எனக்குன்னு வாயத் தொறந்தது நீங்க ஒருத்தருதான்.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும்? இவர் காறித் துப்புவார், துப்பட்டும், எனக்கு அது வேண்டும். ஆனால் இவருக்கு இந்த ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே நல்ல மனுஷனையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா என்று ஒரு நினைப்பு ஓடியது. நல்ல சாக்கு. அந்த நல்ல மனுஷனாகவே இருந்துவிட்டுப் போக எனக்குத்தான் ஆசை.

“என்னால ஒண்ணும் முடியல, செல்லப்பன்,” என்றேன்.

“நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? தொரைமாருங்க மனசு.”

வண்டி வரும் சத்தம் கேட்டதும் வெள்ளையம்மா மகளிடமிருந்து கோழியைப் பிரித்து வாங்கினாள். செல்லம் தேம்பினாள். கால் கட்டின கோழியை வெள்ளையம்மா என் கையில் வைத்தாள்.

“கப்பல்ல விடமாட்டாங்களாம். நல்லா முட்ட போடும்ணே. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்து வளைவு தாண்டுகிறவரை செல்லப்பன் ஜன்னலில் தலையை நீட்டிக் கையாட்டிக்கொண்டே போனார்.

கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்து மைலும் நடந்தே வந்தேன். இன்பராணி ஏதென்று கேட்டாள், செல்லப்பன் வீட்டுக்காரி கொடுத்தது என்றேன். தங்கமான சனங்கள் என்றாள். மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, கோழி முதல் முட்டை போட்டுவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்துத் தட்டில் வைத்தாள். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். ஒரு வாய் வைத்தேன். என் நாக்கு அது பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. புது முட்டை, மஞ்சள் கரு கெட்டியாக, உப்பு ஒரு சிட்டிகை கம்மி, மற்றபடி அருமை.

இன்னொன்று போட்டால் நாளைக்கும் பொரிக்கவா என்று இன்பராணி கேட்டாள்.

பொரி என்றேன்.